வெட்டிப் போட்ட கார்டுக்கு ஏன் பில் வருகிறது?

கேள்வி: பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக வளாகத்தில் ஸ்டால் போட்டிருந்த வங்கியில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். அதைத் தொட்டே ஒரு வருடம் ஆகிறது. கஸ்டமர் கேரில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு கார்டை வெட்டிப் போட்டுவிட்டேன். இப்போது ஆண்டுக் கட்டணம் 590 ரூபாய் என்று ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது. அடுத்த மாதம் சேலத்துக்குக் குடிபெயர்கிறோம். அதற்குள் எப்படி முடிப்பது? சிபில் ஸ்கோர் குறையுமா?

பதில்: நீங்கள் போனில் சொன்னதை அவர்கள் ‘பிளாக்’ என்று பதிவு செய்திருக்கலாம். பிளாக் செய்தால் கார்டில் செலவு செய்ய முடியாது, அவ்வளவுதான். கணக்கு உயிரோடு இருக்கும், ஆண்டுக் கட்டணமும் ஏறும். நீங்கள் கேட்க வேண்டியது ‘குளோஷர்’, அதாவது கணக்கையே மூடுவது. இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

முதலில் அந்த 590 ரூபாய். 500 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். கார்டைப் பயன்படுத்தவில்லை, மூடப்போகிறேன் என்று சொல்லி, கட்டணத்தை ரத்து செய்யும்படி கேளுங்கள். பல நேரங்களில் செய்து தருவார்கள். மறுத்தால், கெடு தேதிக்குள் கட்டிவிடுவதே நல்லது. கோபத்தில் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம், வட்டி, அவற்றின் மேல் ஜி.எஸ்.டி. என்று வளரும். பாக்கி இருக்கும்வரை கணக்கை மூடவும் முடியாது. ‘கொஞ்சம் குறைத்துக் கட்டி செட்டில் பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘செட்டில்டு’ என்று விழுந்துவிடும். நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் பெரிய தடையாக நிற்கும்.

ஸ்டேட்மென்டில் உள்ள தொகையைக் கட்டியதும் பாக்கி தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குளோஷர் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். முந்தைய மாதங்களில் முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கியைத் தள்ளி வந்தவர்களுக்கு வட்டி நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, 5ஆம் தேதி ஸ்டேட்மென்டில் 20,000 ரூபாய். 22ஆம் தேதி முழுவதும் கட்டுகிறீர்கள். இடையில் உள்ள 17 நாள் வட்டி, மாதம் 3.5 சதவீதம் என்றால், ஜி.எஸ்.டி.யோடு சுமார் 460 ரூபாய், அடுத்த மாதம்தான் பில்லில் வரும். தவணையில் வாங்கிய பொருள் இருந்தால் மீதித் தவணை முழுவதும், முன்கூட்டியே முடிக்கும் கட்டணமும் சேரும். அதனால், ‘இன்னும் பில் ஆகாததையும் சேர்த்து, இன்றைக்கு மூட மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டு, அந்தத் தொகையைக் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டிவிட்டால் கவலை வேண்டாம். மூடிய பிறகு மீதியை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியாக வேண்டும்.

பெஸ்காம் மின் கட்டணம், ஃபாஸ்டேக், காப்பீட்டு பிரீமியம், ஓ.டி.டி. சந்தா எதையாவது இந்தக் கார்டில் தானாகப் பிடிக்க விட்டிருந்தால் முன்பே வேறு கார்டுக்கு மாற்றுங்கள். ரூபே கார்டாக இருந்து யு.பி.ஐ.யில் இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். ரிவார்டு பாயின்ட் இருந்தால் இப்போதே பயன்படுத்திவிடுங்கள். ஆன்லைனில் திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் வர வேண்டியிருந்தால், அது கார்டில் வந்து சேரும்வரை காத்திருங்கள். மூடிய கணக்குக்கு வரும் பணத்தை மீட்பது அலைச்சல்.

பிறகு விண்ணப்பம். வங்கியின் ஆப், நெட்பேங்கிங், இணையதளத்தில் உள்ள குளோஷர் இணைப்பு, மின்னஞ்சல், ஹெல்ப்லைன் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தக் கூடாது. எங்கள் யோசனை, எழுத்தில் நிற்கும் வழியையே எடுங்கள். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, ‘கடைசி நான்கு எண் இன்னது, இந்தக் கார்டு கணக்கையும் துணைக் கார்டுகளையும் நிரந்தரமாக மூடவும்’ என்று எழுதினால் போதும். கார்டு கையில் இல்லாவிட்டாலும் அந்த நான்கு எண் ஸ்டேட்மென்டில் இருக்கும். முழு எண், சி.வி.வி., ஓ.டி.பி. எதையும் எழுதாதீர்கள். ஹெல்ப்லைன் எண்ணையும் கூகுளில் தேடாமல் ஸ்டேட்மென்டிலிருந்தே எடுங்கள். தேடலில் போலி எண்களும் வருகின்றன.

அதன்பின் வங்கியிலிருந்து ஒரு போன் வரும். ‘இந்த வருடக் கட்டணம் தள்ளுபடி, கார்டை வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அதற்கு ‘சரி’ என்றால் விண்ணப்பம் அங்கேயே ரத்தாகிவிடும். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி, சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கணக்கை 7 வேலை நாளுக்குள் மூடி, மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ். வழியே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது; விவரம் கேட்க 14448.

மூடியதும் ‘நிலுவை இல்லை’ என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். ‘குளோஸ்டு’, பாக்கி பூஜ்யம் என்று இருக்க வேண்டும்.

இனி ஸ்கோர். வேறு கார்டு வைத்திருந்தால் கொஞ்சம் இறங்கலாம். 2 லட்சமும் 1 லட்சமும் லிமிட் உள்ள இரண்டு கார்டில் மாதம் 60,000 செலவழித்தால் பயன்பாடு, அதாவது மொத்த லிமிட்டில் செலவான பங்கு, 20 சதவீதம். 2 லட்சம் கார்டை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகத் தெரியும்; ஸ்கோர் இறங்குவது அதனால்தான். செலவைக் குறைத்தாலோ மற்ற கார்டின் லிமிட்டைக் கூட்டினாலோ மெல்லச் சரியாகும். ஆனால் சேலத்தில் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உடனே இருந்தால், கடன் கைக்கு வந்த பிறகு மூடுங்கள்.

வங்கியில் கொடுத்திருப்பது அலுவலகம் தந்த சிம் எண் என்றால், அதை ஒப்படைக்கும் முன் சொந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஓ.டி.பி.யும் ‘மூடப்பட்டது’ என்ற செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.