பதினோரு வருடங்கள்

ஐயா, வணக்கம்.

எங்கள் குருநாதர் சமாதியாகி இரண்டு வருடமாகிறது. சின்ன ஆசிரமம்தான், நாற்பது குடும்பங்கள் இருப்போம். அவர் இருந்தவரை எதைச் செய்வது, எதை விடுவது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். சமாதியில் நித்திய பூஜை, வருடத்துக்கு ஒரு குருபூஜை, அது போதும் என்கிறார்கள் ஒரு சாரார். பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், அன்னதானத்தைப் பெரிதாக்க வேண்டும், அதுதான் அவர் பணி என்கிறோம் நாங்கள். பேசிப் பேசியே இரண்டு வருடம் வீணாகிவிட்டது. யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் "இரண்டு வருடம் வீணாகிவிட்டது" என்ற வரிதான் மனதில் நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்ரீராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவை ஒட்டிய காசிப்பூர் தோட்ட வீட்டில் உடலை விட்டார். அவர் பெயரில் சேவை செய்யும் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது 1897 மே 1 அன்று. நடுவில் ஏறத்தாழ பதினோரு வருடங்கள். அந்த வருடங்களில் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

தொடக்கமே சச்சரவுதான். அஸ்தியைத் தன் காங்குர்காச்சித் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்றார் மூத்த இல்லறச் சீடர் ராமச்சந்திர தத்தர். கங்கைக்கரையில் வைக்க வேண்டும் என்பது துறவு பூண நினைத்த இளம் சீடர்களின் ஆசை, ஆனால் கையில் காசு இல்லை. அஸ்தியில் பெரும்பகுதியை வேறொரு கலசத்தில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு முறைத்துக்கொண்டு விலகிப் போகவில்லை. அந்தக் கலசத்தைத் தலையில் சுமந்து காங்குர்காச்சிக்குக் கொண்டுபோனவர், இளைஞர்களில் ஒருவரான சசி.

அப்புறம் சுரேந்திரநாத் மித்ரர் என்ற இல்லறச் சீடர் வாடகை கொடுக்க முன்வந்தார். பராநகரில் பாழடைந்து கிடந்த ஒரு வீடு கிடைத்தது. சோற்றுக்கே திண்டாட்டம். அங்கே சசி என்ன செய்தார் தெரியுமா? குரு உயிரோடு இருப்பதாகவே வைத்துப் பணிவிடை செய்தார். காலையில் பல் துலக்கக் குச்சி வைப்பார், அதன் நுனியை நசுக்கி மென்மையாக்கி வைப்பார். சமைத்து நைவேத்தியம் செய்து, தியானத்தில் உட்கார்ந்திருப்பவர்களை இழுத்து வந்து சாப்பிட வைப்பார். பின்னாளில் விவேகானந்தர் ஆன நரேன் இதையெல்லாம் கேலி செய்ததும் உண்டு. ஆனால் நரேனும் மற்றவர்களும் இமயமலைக்கும் காசிக்கும் அலைந்து திரிந்த காலத்தில், திரும்பி வர ஓர் இடம் இருந்தது. அடுப்பும் விளக்கும் அணையாத இடம். அதைக் காப்பாற்றியது சசியின் பூஜைதான். உங்கள் சமாதியில் தினமும் விளக்கேற்றுபவர்களை நீங்கள் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, சேவை எப்போது வந்தது? மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் மிஷனைத் தொடங்கியபோது எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. இது மேல்நாட்டு முறை, குருதேவர் காட்டிய வழியா இது என்று கேட்டவர் யோகானந்தர், குருவின் நேர்ச்சீடர். உங்கள் ஆசிரமத்தில் நடக்கும் அதே வாதம். ஆனால் கேள்வி கேட்டவரை யாரும் ஒதுக்கவில்லை. கல்கத்தா கிளையின் துணைத்தலைவர் ஆனவர் அதே யோகானந்தர்தான்.

1898இல் கல்கத்தாவில் பிளேக் வந்தது. நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்று கேட்டபோது, தேவைப்பட்டால் மடத்துக்கென்று அப்போதுதான் வாங்கிய பேலூர் நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் விவேகானந்தர். அதே வருடம் டிசம்பர் 9 அன்று, குருவின் அஸ்திக் கலசத்தைத் தன் தோளில் சுமந்து போய் அந்த நிலத்தில் வைத்துப் பூஜை செய்தவரும் அவர்தான். நிலத்தை விற்கத் துணிந்த மனிதர், அந்த நிலத்தில் வைக்கக் கலசம் சுமந்த மனிதர். இருவரும் ஒருவரே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அந்த சசியைத்தான் அவர் 1897இல் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கி, ஊர் முழுக்க நடந்து வகுப்பெடுத்தார். வெயில் காலத்தில் குருவின் படத்துக்கு விசிறிக்கொண்டிருப்பார். அதே மனிதரின் தூண்டுதலில் 1905இல் ஏழை மாணவர்களுக்கான இல்லம் தொடங்கியது. மயிலாப்பூரில் இன்றும் நடக்கிறது. விசிறிய கைதான் பிள்ளைகளுக்குச் சோறு போட வழி செய்தது.

ஆகவே நண்பரே, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் இப்போதே டிரஸ்ட் பதிவு, ரசீதுப் புத்தகம், கட்டட நிதி என்று இறங்கி நாற்பது குடும்பத்தை இருபதாக்கிவிட வேண்டாம். அடுத்த குருபூஜைக்கு எதிர்த்தரப்பினரோடு அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்குங்கள். நறுக்கும்போது குருநாதரைப் பற்றி அவர்களைப் பேசவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு குருவை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அவர் பேசியதை எழுதி வைப்பது. பள்ளி ஆசிரியரான மகேந்திரநாத் குப்தர் ஸ்ரீராமகிருஷ்ணர் இருந்தபோதே டைரி எழுதியதால்தான் நமக்கு அவர் பேச்சுகளைச் சொல்லும் 'கதாமிர்தம்' கிடைத்தது. உங்களிடம் அப்படி ஒரு டைரி இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. அவரோடு பழகிய வயதானவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கி வீடு வீடாகப் போங்கள். இரண்டு தரப்பு வீடுகளுக்கும் போங்கள். எந்த நாள், எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். குப்தர் அப்படித்தான் குறித்து வைத்தார்.