வெள்ளம், வறட்சி தாங்கும் ரகங்களை மரபணுக் குறிப்பான்கள் கொண்டு எப்படி உருவாக்குகிறார்கள்? சிறு விவசாயிக்கு அதனால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாப் பாதிப்புக்கும் ஒரே அளவில் இல்லை. வெள்ளத்துக்கு நன்றாகக் கைகொடுத்த இந்த முறை, வறட்சி என்று வந்தால் திணறுகிறது. காரணத்தை நெல்லை வைத்தே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. குறிப்பான் என்பது வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளம். குறிப்பான் வழித் தேர்வு என்பது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நடப்பது வழக்கமான மகரந்தச் சேர்க்கைதான். எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்பதை இலையின் டிஎன்ஏவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து வந்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம், முழுதாக மூழ்கிக் கிடந்தாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். சாதாரண நெல் மூழ்கினால் மேலே எட்டிப் பிடிக்க அவசரமாக நீளும். இருக்கிற சர்க்கரை, மாவுச்சத்தையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழுந்து அழுகும். எஃப்ஆர் 13ஏவில் உள்ள சப்1ஏ மரபணு (சுருக்கமாகச் சப்1) அந்த நீட்சிக்குத் தடை போடுகிறது. பயிர் சும்மா இருக்கும், தண்ணீர் வடிந்தபின் புதுக்குருத்து விடும். 1996-இல் இது 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் இடம் தெரிந்தது, 2006-இல் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது, 2009-இல், சுவர்ணா என்ற நெல் ரகத்தில் இதைச் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது.

எஃப்ஆர் 13ஏவை நேரடியாகச் சுவர்ணாவோடு கலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது உயரமாக வளரும், விளைச்சல் குறைவு. அதன் குணத்தை ஏற்கெனவே ஓரளவு நல்ல வரிசைகளுக்கு, அதாவது ஆய்வில் வளர்த்தெடுத்த நெல் வகைகளுக்கு, மாற்றி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றான ஐஆர் 49830-தான் வழங்கி, அதாவது மரபணுவைக் கொடுக்கும் பெற்றோர். இந்த முன்வேலை நடந்திராவிட்டால், குறிப்பான்கள் கையில் இருந்தும் இத்தனை விரைவில் முடிந்திருக்காது.

வேலை நடக்கும் விதம் இது. வழங்கியை ஒரு வார இடைவெளியில் மூன்று நான்கு தடவையாக விதைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழங்கியும் சுவர்ணாவும் ஒரே சமயத்தில் பூக்காது. மறுநாள் மலரவிருக்கும் பூக்களின் உமி நுனியைச் சாய்வாக வெட்டி, ஆறு மகரந்தப்பைகளையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, கதிருக்கு உறை போட வேண்டும். மறுநாள் காலை மகரந்தம் தூவ வேண்டும். ஒரு பை உள்ளே தங்கினாலும் தன் மகரந்தமே சேர்ந்துவிடும், அந்த மணி கலப்பு மணி அல்ல. அதனால் முதல் தலைமுறையிலேயே குறிப்பான் வைத்து ஒவ்வொரு செடியையும் சரிபார்ப்பார்கள்.

பிறகு பிற்கலப்பு, அதாவது விவசாயி விரும்பும் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது. ஒவ்வொரு சுற்றிலும் பாதிச் செடிகளில் மட்டுமே மரபணு இருக்கும். ஒரு செடியாவது கிடைக்க வேண்டும் என்றால் ஏழு செடி போதும், 99 சதவீதத்துக்கு மேல் உறுதி. ஆனால் மரபணு தனியாக வருவதில்லை, அக்கம்பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொண்டு வரும். அதை வெட்டத்தான் எண்ணிக்கை வேண்டும். 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் தொலைவை அளக்கும் அலகு) தொலைவில் ஒரு பக்கக் குறிப்பான் இருந்தால், மரபணு உள்ள 100 செடிகளில் ஏறக்குறைய ஐந்தில்தான் அந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். இரு பக்கமும் ஒரே சுற்றில் வெட்டுப்பட வேண்டும் என்றால் 400-இல் ஒன்றுகூட நிச்சயமில்லை. ஆகவே முதல் பிற்கலப்பில் ஒரு பக்கம், இரண்டாவதில் மறுபக்கம்.

மீதிக் குரோமோசோம்களில் சொந்த ரகம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தனிக் கணக்கு. தேர்வே இல்லாமல் போனால் சராசரி 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். 99-ஐத் தாண்ட ஆறு சுற்று வேண்டும். குறிப்பான் வைத்து மேலான செடியைப் பொறுக்கினால் இரண்டு மூன்று சுற்று போதும். கடைசியில் தன்மகரந்தச் சேர்க்கை. அதில் நான்கில் ஒன்றுதான் இரு பிரதியிலும் மரபணு உள்ளதாக இருக்கும். ஒற்றைப் பிரதியையும் இரட்டையையும் பிரித்துக் காட்டாத குறிப்பானை வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

பெரும்பாலும் கெடுவது ஆய்வகத்தில் அல்ல, அடையாளச் சீட்டில். டிஎன்ஏவைச் சோதிக்கும் தட்டின் 96 குழிகளில் ஒரு வரிசை இடம் மாறினால் தவறான செடியில் கலப்பு நடக்கும். நாற்று இரண்டு மூன்று வாரத்தில் இருக்கும்போதே இளம் இலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முடிவு வருவதற்குள் பூத்து முடிந்துவிடும்.

வறட்சியில் இந்தச் சூத்திரம் ஏன் பலிப்பதில்லை? அங்கே சப்1 போல ஒற்றைப் பெரிய மரபணு இல்லை. வறட்சியிலும் விளைச்சல் தர உதவும் குரோமோசோம் இடங்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் ஒரு ரகத்தில் பலன் தந்த இடம் இன்னொன்றில் பேசாமல் இருந்துவிடும். அதனால் முழு மரபணுத்தொகைத் தேர்வுக்குப் போகிறார்கள்: சில நூறு வரிசைகளை வயலில் அளந்து, ஆயிரக்கணக்கான குறிப்பான்களோடு பொருத்திக் கணிப்பு மாதிரி கட்டுவது. மாதிரியின் தரம் அந்த வயலைப் பொறுத்தது. உரமும் பாசனமும் தாராளமான ஆராய்ச்சிப் பண்ணையில் பயிற்றுவித்த மாதிரி, மானாவாரி நிலத்துக்குத் தவறான செடியைத்தான் சுட்டும். இன்னொரு பொறி, முந்திப் பூக்கும் வரிசைகள். வறட்சி வருமுன் முற்றிவிட்டு, தாங்கியதுபோல் காட்டும். பூக்கும் நாள் ஒத்த வரிசைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

மரபணுத் திருத்தம், அதாவது செடியின் டிஎன்ஏவையே நேரடியாக மாற்றுவது, இதையெல்லாம் குறுக்கிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கும் மரபணுவை முடக்க அது சுலபமான வழி. ஆனால் பல நெல் ரகங்களில் சப்1ஏ அறவே இல்லை. இல்லாததை முடக்கி என்ன பயன்?

விவசாயி பக்கம் வருவோம். சுவர்ணாவின் உமி பொன்னிறம், சுவர்ணா-சப்1-இன் உமி வைக்கோல் நிறம். உமி நிற மரபணு சப்1-ஐ ஒட்டியே இருப்பதால் வந்த வித்தியாசம் இது. விதையில் கலப்பிருந்தால் கண்ணுக்கே தெரியும் என்பது இதில் ஒரு வசதி. இது கலப்பின விதை அல்ல, அறுவடையிலிருந்து எடுத்து வைத்து மீண்டும் விதைக்கலாம். பிறரகக் கதிர்களை மட்டும் களைந்துவிட வேண்டும்.

இதை எங்கே நம்பக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முழங்காலளவு தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும் நிலத்தில் சப்1 உதவாது, அங்கே நீள்வதுதான் பிழைக்கும் வழி. நேரடி விதைப்பு செய்து முளைக்கும் முன்பே மூழ்கினாலும் உதவாது, அதற்கு வேறு மரபணுக்கள் தேவை. மூழ்கி மீண்ட பயிருக்குத் தண்ணீர் வடிந்த அன்றே யூரியா போடக் கூடாது. ஒரு வாரம் போல விட்டு, புதிய இலை வந்ததைப் பார்த்தபின் போட வேண்டும். தண்ணீர் வடிந்த உடனே பழுத்துக் கிடக்கும் இலைகளைப் பார்த்துப் பயிர் போய்விட்டது என்று உழுதுவிடவும் வேண்டாம்; அடிக்குருத்தைக் கிள்ளிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் பிழைக்கும்.