காலி டின்

அன்புள்ள ஐயா,

1920களின் திருநெல்வேலிக் கிராமத்துக் குடும்பம் ஒன்றை வைத்து நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அக்காலத்தில் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் என்னென்ன வீட்டுப் பொருட்கள் கிடைத்தன, அவற்றைப் பற்றி எங்கே தேடுவது என்று சொல்ல முடியுமா? பித்தளையும் வெண்கலமும் மண்பானையும் இருந்த அந்த வீடுகளில் ஒரு நிறைவு இருந்தது, மலிவான தகரமும் அலுமினியமும் நுழைந்த பிறகுதான் வீடு அழகை இழந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கிராமபோன், சுவர்க்கடிகாரம் பற்றியும் அறிய ஆவல்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சென்ற மாதம் ஊரில் பழைய வீட்டைப் பிரிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, அடி துருவேறிய ஒரு மண்ணெண்ணெய் டின் கிடைத்தது. ஆச்சியின் டின். அதை எடைக்குப் போட மனமில்லாமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டில் அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தேடும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழைய பத்திரிகைகளை எடுத்துக் கதைகளைப் புரட்டிவிட்டு விளம்பரங்களை வரிவரியாகப் படியுங்கள். வி.பி.பி. என்ற தபால் முறை 1877லேயே வந்துவிட்டதால், பட்டணத்துக் கடைச் சரக்கைத் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்குவது உங்கள் கதாபாத்திரங்களுக்குப் புதுமையல்ல. கிராமபோனையும் கடிகாரத்தையும் விட்டுவிடுங்கள். அவை பண்ணையார் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டவை.

இனி அந்த நிறைவுக்கு வருகிறேன். யாருடைய நிறைவு? பித்தளைப் பாத்திரம் உள்ளே ஈயம் பூசாவிட்டால் புளிபட்டுக் களிம்பேறும். ஈயம் பூசுகிறவர் தெருவில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, புகை மூக்கைப் பொசுக்க ஈயத்தைத் துணியால் இழுத்துத் தேய்ப்பதை நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அதற்குக் கொடுக்கக் காசில்லாமல் ஆச்சி அவரை அடுத்த மாதம் வரச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டின் ஒரே பெரிய பித்தளை அண்டா ஆண்டில் பாதி நாள் அடகுக் கடையில்தான் இருந்தது. உங்களுக்கு அழகாகத் தெரியும் அந்தப் பாத்திரங்கள் ஏழைக் குடும்பத்துக்குச் சமையல் சாமான் என்பதைவிடச் சேமிப்பு என்றே சொல்ல வேண்டும். அலுமினியத்தைப் பழிப்பதற்கு முன்னாலும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியது, உள்ளூர்க் கைத்தொழிலுக்குப் புதிய பிழைப்பு தேடித்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது டின்னைப் பற்றி. அக்காலத்து ஏழை வீட்டின் மிகப் பெரிய வசதி, எந்தக் கடையிலும் வீட்டுப் பொருள் என்ற பெயரில் விற்கப்படாத ஒரு பண்டம் என்பது என் கட்சி. மண்ணெண்ணெய் நான்கு காலன் பிடிக்கும் சதுர டின்களில் வந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 18 லிட்டர். 1892இல் மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர், ருசிய மண்ணெண்ணெயை டின்களில் அடைக்காமல் கப்பலின் தொட்டியிலேயே நிரப்பி, ‘மியூரெக்ஸ்’ என்ற கப்பலில் சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். டின் செலவு மிச்சம், ஆகவே விலை குறைவு, வாங்குகிறவர்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து ஊற்றிக்கொள்வார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. கீழை நாட்டு மக்களோ அமெரிக்க ஸ்டாண்டர்டு கம்பெனியின் நீல டின்னையே கேட்டார்கள், ஏனென்றால் எண்ணெய் தீர்ந்த பிறகு டின் வேண்டும். கடைசியில் அவர் தகரத் தகடுகளைக் கப்பலேற்றி அனுப்பி, அங்கங்கே சிவப்பு டின்கள் செய்து எண்ணெய் அடைத்து விற்க வேண்டியதாயிற்று. காலி டின்னுக்காக ஓர் எண்ணெய் வியாபாரியைப் பணியவைத்த அந்தப் பெயரில்லாத இல்லத்தரசிகளின் தலைமுறையைத்தான் மலிவுக்கு மயங்கியவர்கள் என்கிறீர்கள்.

டின்னின் மேல்தகட்டை வெட்டியெடுத்து, விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டி, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்துப் பொருத்தினால் தண்ணீர் தூக்கும் வாளி தயார். எண்ணெய் வாடை போக அடுப்புச் சாம்பலும் புளிச்சக்கையும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பார்கள். அப்படியும் ஒரு வாரம் தண்ணீரில் அந்த நாற்றம் இருக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் சரியாக மடிக்காத விளிம்பு கிழித்த தழும்பு, ஆச்சியின் உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கடைசிவரை இருந்தது. அவளிடம் ஒருமுறை, மண்குடத்துத் தண்ணீரைப்போல் இது குளிர்ச்சியாக இருக்குமா என்று உங்களைப்போலவே கேட்டேன். “குளுந்துதான் இருக்கும். ஆனா பானை உடைஞ்சா மாமியா வாய மூணு நாளு கேக்கணும். டின்னு விழுந்தா டம்முனு ஒரு சத்தம், அவ்வளவுதான்” என்றாள்.

தண்ணீருக்கு உதவாத டின் அரிசிக்குப் போனது. மண் குலுக்கையைக் குடைந்த எலி தகரத்தைக் கடிக்க முடியாமல் இரவெல்லாம் சுரண்டிக்கொண்டிருக்கும். அடி ஓட்டையான பிறகு அதைப் பிரித்து விரித்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்தார்கள். எண்ணெய் எரிந்த விளக்கைவிட டின் அதிக நாள் உழைத்தது. அந்த விளக்கின் சிமினிக்குள் நுழையுமளவுக்குச் சின்னதாக இருந்தது என் கைதான் என்பதால், அதைச் சாம்பலால் துடைப்பது என் வேலை. உடைத்தால் அடி நிச்சயம்.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1922இல் அரசாங்கம் வருமானத்துக்காக இறக்குமதித் தீப்பெட்டியின் வரியை ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல் தொடங்கியது. அதற்கு முன்னும், ஏழை வீடுகளில் அதற்குப் பின்னும், பக்கத்து வீட்டில் சிரட்டையில் கங்கு வாங்கி வருவது வழக்கம். விளக்கு வைத்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள் என்பதால், பகலிலேயே அடுப்புச் சாம்பலுக்குள் கங்கைப் புதைத்து வைக்க வேண்டும். அணைந்துபோனால் அதற்கும் ஏச்சு மருமகளுக்குத்தான்.

நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த முதல் அத்தியாயத்தையும் படித்தேன். அடுக்களையில் வெண்கல உருளி பளபளக்கிறது, அத்தை முற்றம் தெளிக்கிறாள், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த முற்றத்துத் தண்ணீரை யார், எதில், எந்தக் கிணற்றிலிருந்து தூக்கி வந்தார் என்பது மட்டும் ஒரு வரியிலும் இல்லை. அதை எழுதிவிட்டு இரண்டாம் அத்தியாயத்தை அனுப்புங்கள். டின்னை நேரில் பார்க்க விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், விளிம்பைத் தொடும்போது மட்டும் கவனம்.