கடிதம் 14 பார்க்க

அன்புள்ள சார்,

எனக்கு வயது 27. இயந்திரப் பொறியியல் படித்தவன். காகிதத்தோடு நின்றுபோன விமானங்கள், விண்கலங்களின் வரைபடங்களை ஆறு வருடமாகச் சேர்த்துவருகிறேன். ஹார்ட் டிஸ்க்கில் 40,000 கோப்புகள் ஆகிவிட்டன. “பறக்காத விமானத்தின் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வரைபடங்களையே தொலைத்துவிட்டார்கள், அதுபோல ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லிப்பார்த்தேன். எடுபடவில்லை.

இப்போது, அண்மையில் காலமான ஒரு பொறியாளரின் குடும்பத்தார் அவருடைய காகிதங்கள் மூன்று பெட்டி இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறார்கள். வரும் சனிக்கிழமை போகிறேன். அறையில் இடமில்லை. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குத்தாள்களையும் கடிதங்களையும் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஸ்கேன் செய்ய அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) போதுமா, 600 வேண்டுமா? பழைய கோட்டுப்படங்களுக்குக் கணினியில் வண்ணமேற்றி வெளியிடலாமா? என்னிடமுள்ள ஒரு நல்ல ப்ளூபிரிண்டை (நீலத்தில் வெள்ளைக் கோடாக வரும் பழைய நகல்) சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன், படம் இணைத்திருக்கிறேன். இதெல்லாம் பயனுள்ள வேலையா, வெறும் பைத்தியமா?

அன்புடன்
ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த ப்ளூபிரிண்டைக் கழற்றுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கழற்றியாயிற்றா? சரி. அந்த நீலம் பிரஷ்யன் நீலம். வெளிச்சத்தில் வெளுத்துக்கொண்டே போகும். லேசாக வெளுத்ததை இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும், ஆனால் அதை நம்பி வெயிலில் மாட்டுவது மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதென்று மாடியிலிருந்து குதிப்பது மாதிரி. இன்னொன்று, கழற்றியதும் ‘ஆவணக் காப்புக்கு உகந்தது’ என்று விற்கிற உறையை வாங்கி அதில் போட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட உறைகள் பலவற்றில் காகிதத்தின் அமிலத்தை முறிப்பதற்காகக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். மற்ற காகிதத்துக்கு அது நல்லது. ப்ளூபிரிண்டின் நீலம் அந்தக் காரத்தில் கெட்டுப்போகும். காரம் சேர்க்காத உறை என்று கேட்டு வாங்க வேண்டும். அம்மோனியா ஆவியில் எடுத்த பிரிண்டுகளோடு சேர்த்தும் அதை அடுக்கக் கூடாது, அவை வருடக்கணக்கில் எதையாவது கக்கிக்கொண்டே இருக்கும்.

மற்ற கேள்விகளுக்கு வேகமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். டிபிஐ: படத்திலுள்ள மிகச் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் கூட்டுங்கள். வண்ணமேற்றுவது: வேண்டாம். செய்துதான் தீர்வீர்கள் என்றால், தீட்டியது நான் என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். வீட்டார்: அவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், சாப்பிடக் கூப்பிடும்போது உடனே எழுந்து போங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் சாட்டர்ன் 5 கதையை எழுதியிருக்கிறீர்களே, அதற்குத் திட்டாமல் விட முடியாது. வரைபடங்களைச் சேர்ப்பவர், ஆறு வருடமாக இதே வேலையாக இருப்பவர், இந்த வதந்தியை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லையா? அவை தொலையவில்லை. நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. அதுபோக, ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அமெரிக்க அரசின் ஆவணக்காப்பகத்தில் சாட்டர்ன் காகிதங்கள் மட்டும் சுமார் 2,900 கன அடி. நடந்தது வேறு. 2012-13 வாக்கில் அந்த ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை இளம் பொறியாளர்கள் சிலர் மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். வரைபடங்கள் கையில் இருந்தும், எஞ்சின் படத்தில் உள்ளபடி இல்லை. ஒவ்வொரு எஞ்சினிலும் வெல்டிங் செய்தவர்கள் கையாலேயே செய்த சின்னச் சின்னத் திருத்தங்கள், எந்தத் தாளிலும் ஏறாதவை. அவர்களுக்கு அது அன்றாட வேலை, எழுதிவைக்கத் தோன்றியிருக்காது. பிறகு பாகங்களை ஒளியால் ஸ்கேன் செய்து, உலோகத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, 2013 தொடக்கத்தில் எஞ்சினின் பம்பை ஓட்டுகிற வாயுவை உண்டாக்கும் பாகமான கேஸ் ஜெனரேட்டரை எரித்தும் காட்டினார்கள்.

உங்கள் விமானங்களுக்கு அந்த உலோகம் கிடையாது. இதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பறந்த விமானத்தின் காகிதம் அழிந்தால் அருங்காட்சியகத்தில் நிற்பதை அளந்துகொள்ளலாம். பறக்காததற்குக் காகிதம்தான் உடம்பே. அதில் நீங்கள் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் குப்பைக்கு விடப்போகிறேன் என்கிறீர்கள், அதுவும் தப்பான பாதியை.

ஸீ டிராகன் என்ற, கட்டப்படாத ராக்கெட்டின் படம் உங்கள் 40,000-இல் நிச்சயம் இருக்கும். பொறியாளர் ராபர்ட் ட்ரூவாக்ஸ் 1962-இல் ஏரோஜெட் என்ற ராக்கெட் நிறுவனத்தில் இருந்தபோது கொடுத்த திட்டம். 150 மீட்டர் நீளம், 23 மீட்டர் விட்டம், கடலில் இழுத்துப்போய் நிமிர்த்தி அங்கிருந்தே ஏவுவது, ஏறத்தாழ 550 டன்னைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றுவது. படத்தை மட்டும் பார்த்தால் இது சிறுவர் பத்திரிகைக் கற்பனை. ட்ரூவாக்ஸின் வாதம் அளவைப் பற்றியதே அல்ல: ராக்கெட்டின் செலவு அதன் பருமனில் இல்லை, சிக்கலில் இருக்கிறது, ஆகவே கப்பல் கட்டும் தளத்தில் கப்பல் செய்கிற ஆட்களை வைத்துத் தடித்த எஃகுத் தகட்டில் எளிமையாகக் கட்டலாம். இந்த வாதத்தைப் படம் சொல்லாது. செலவுப் பட்டியல் சொல்லும், உங்களுக்குக் கொட்டாவி வரவைக்கிற அதே பட்டியல்.

ஒலியைவிட வேகமாகப் பறக்க அமெரிக்காவில் திட்டமிட்ட பயணிகள் விமானம், போயிங் 2707-ஐயும் பாருங்கள். 1966 கடைசியில் போட்டியில் வென்றது பின்னோக்கித் திரும்பும் இறக்கை வைத்த ஒயிலான விமானம். எல்லாரும் சேர்ப்பது அந்தப் படத்தை. 1968-இல் அந்த இறக்கையைக் கைவிட்டு நிலையான முக்கோண இறக்கைக்குப் போனார்கள், 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தையே நிறுத்தியது. இறக்கை ஏன் மாறியது? எடை. இறக்கையைத் திருப்புகிற கீலும் அதைத் தாங்குகிற சட்டமும் தின்ற எடை. அந்தக் கதை முழுக்க எடைக் கணக்குத் தாள்களில் இருக்கிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாரோ ரசனை மாறி வேறு விமானம் வரைந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

படத்தைப் பிரித்தெடுக்கிற நோய் புதிதில்லை. லியொனார்டோ டாவின்சியின் பறக்கும் இயந்திரங்களைவிடப் புகழ்பெற்ற, கட்டப்படாத விமானங்கள் உண்டா? அவருடைய குறிப்பேடுகளை அவர் சீடர் மெல்ட்ஸி சாகும்வரை கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார். மெல்ட்ஸியின் மகனுக்கு அது தேவையில்லாத மூட்டை, பரணில் போட்டுவிட்டார். பிறகு அதில் பெரும்பகுதி பொம்பேயோ லியோனி என்ற சிற்பியின் கைக்குப் போனது. அவர் அழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார். அதுதான் கொடுமை. இயந்திரங்கள் ஒரு பக்கம், மனித உருவங்களும் உடற்கூறும் இன்னொரு பக்கம் என்று பிரித்து, தேவைப்பட்ட இடத்தில் கத்தரியும் போட்டார். ஒரு பங்கு 1,119 தாள்களோடு கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் என்ற பெயரில் மிலானில் இருக்கிறது, இன்னொன்று வின்ட்சர் கோட்டைக்குப் போய்விட்டது. 20-ஆம் நூற்றாண்டில் கார்லோ பெத்ரெத்தி என்ற அறிஞர் வின்ட்சரிலுள்ள துண்டுகளை மிலான் தாள்களிலுள்ள ஓட்டைகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். நாற்பது நிமிடம் கத்தரி பிடித்த ஒருவருடைய வேலையைச் சரிசெய்ய முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு அறிஞர் பிறக்க வேண்டியிருந்தது. (நாற்பது நிமிடம் என்பது என் கோபம், வரலாறு இல்லை.)

லியோனியை இவ்வளவு திட்டுகிறேனே, காரணம் இருக்கிறது. நானும் ஒரு லியோனி.

இருபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் ஒரு வரைவுப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை என்றால் பிரிண்ட் எடுப்பது. ட்ரேசிங் தாளை மஞ்சள் பூசிய தாள்மேல் வைத்து, விளக்குக்கு அடியில் தள்ளி, அம்மோனியா ஆவியில் காட்டினால் கோடுகள் எழும்பி வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றி வெளியே போடச் சொல்வார்கள். அங்கே ஒரு மூத்த டிராப்ட்ஸ்மேன் இருந்தார், நாங்கள் பெரியவர் என்போம். பகலில் பம்பு உறைகள் வரைவார். இரவில், தன் வீட்டில், விமானம் வரைவார். ஒற்றை இருக்கை விமானங்கள், கிளைடர்கள். ஒன்றுகூடக் கட்டப்படவில்லை, கட்டுவதற்கு யாரிடமும் அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. தூரத்தில் இருந்த ஒரு நண்பர் மட்டும் கணக்குகளைச் சரிபார்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

பெரியவர் இறந்தபின் அவர் மகள் என்னைக் கூப்பிட்டு நான்கு கட்டுகள் கொடுத்தார். துணி நாடாவால் கட்டியவை. ஒவ்வொரு கட்டிலும் படங்கள், நடுநடுவே மடித்த கணக்குத்தாள், உறையோடு கடிதங்கள், ஒரு கட்டுக்குள் பேருந்துச் சீட்டின் பின்புறம் போட்ட பெருக்கல்கூட இருந்தது. நான் அன்று இரவே நான்கையும் அவிழ்த்தேன். படங்களை அளவுவாரியாக, எனக்குப் பிடித்தது மேலே வருகிற மாதிரி, அடுக்கினேன். கணக்கையும் கடிதத்தையும், எழுதக் கூசுகிறது, பழைய பேப்பரோடு போட்டேன். இடமில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன், ர.

சில வருடம் கழித்து விமான வடிவமைப்பு தெரிந்த ஒரு நண்பர் அந்தப் படங்களைப் பார்க்க வந்தார். ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விமானத்தின் வாலில் படுக்கைவாட்டில் வரும் சின்னச் சிறகு உச்சியில் இருக்கிறது. ஆனால் கீழே, உடலோடு சேரும் இடத்தில், ரப்பரால் அழித்த பழைய கோடு பேய் மாதிரித் தெரிகிறது. முதலில் கீழே வரைந்து, அழித்து, மேலே ஏற்றியிருக்கிறார். வலது மூலையில், பெயர்க்கட்டத்துக்குச் சற்று மேலே, கூர்மையான பென்சிலில், அழிந்த கோட்டை நோக்கி ஒரு அம்புக்குறி. அதன் வாலில் மூன்று சொல்: கடிதம் 14 பார்க்க.

“கடிதம் எங்கே?” என்று நண்பர் கேட்டார்.

இறக்கை கலைத்துவிடுகிற காற்றிலிருந்து தப்பிக்க மேலே ஏற்றியிருக்கலாம். தரையில் புல்லும் கல்லும் அடிக்காமலிருக்க ஏற்றியிருக்கலாம். கழற்றி வண்டியில் ஏற்ற வசதியாக இருக்கலாம். கடிதம் எழுதிய அந்தத் தூரத்து நண்பர் பார்த்த கணக்கில் ஏதோ இடித்திருக்கலாம். நான்கும் நியாயமான காரணம்தான், ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. பெத்ரெத்திக்காவது பொருத்திப் பார்க்க ஓட்டைகள் இருந்தன.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று இதைப் படிக்கிற யாராவது ஆரம்பிப்பார்கள். 2013 மார்ச்சில் நாசா தன் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியத்தை மொத்தமாக இணையத்திலிருந்து இறக்கியது, வெளியே போகக் கூடாதது எதுவும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பிறகு திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் நம்மிடம் பிரதி இல்லையே என்று கையைப் பிசைந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்கள் ஹார்ட் டிஸ்க் நல்லதுதான், ஆனால் ஒன்றே ஒன்று என்றால் அது இல்லாததற்குச் சமம், இன்னொன்று வாங்கி வேறு வீட்டில் வையுங்கள். காகிதமும் அப்படித்தான் தப்பிக்கிறது, எங்காவது ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்காமலிருப்பதால். கனடாவின் ஆரோ போர் விமானத்தை 1959 பிப்ரவரியில் நிறுத்தியபோது விமானங்களோடு வரைபடங்களையும் அழிக்கச் சொன்னார்கள். ஒரு டிராப்ட்ஸ்மேன் சில சுருள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் நிலவறையில் வைத்துவிட்டார். அவர் காலத்துக்குப்பின் குடும்பத்தார் கண்டெடுத்து, 2020-இல் அவை காட்சிக்கு வந்தன. அவர் அழகான சுருள்களாகப் பார்த்து எடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பார்.

சனிக்கிழமைக்கு வருவோம். எந்தக் கட்டையும் அங்கேயே அவிழ்க்காதீர்கள். பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பெட்டிக்கு 1, 2, 3, உள்ளே கட்டுக்கு அ, ஆ, இ என்று துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிச் சொருகுங்கள், பேனா வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் ஒரு நேரத்தில் ஒரு கட்டு. ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த பின்னையும் எடுத்துவிடலாம், ஆனால் எந்தத் தாளோடு எது குத்தியிருந்தது என்பதை எழுதிவைத்துவிட்டு. செலோடேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், புதிதாக ஒட்டவும் செய்யாதீர்கள். ஸ்கேன் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கட்டின் எண்ணும் அதில் எத்தனையாவது தாள் என்பதும் பெயரிலேயே இருக்கட்டும், உங்கள் 40,000 கோப்புகளுக்கும் வெறும் வரிசை எண்தான் பெயராக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அப்புறம் அந்தக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தில் வெறும் முதலெழுத்தாக வருகிறவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அடுத்த வருடம் கேட்டால் மறந்திருப்பார்கள்.

கடிதங்களை ஏன் விடக் கூடாது என்று கடைசியாக ஒன்று சொல்கிறேன். பெரியவரின் நண்பர் 14-ஆவது கடிதத்தைக் கார்பன் வைத்து எழுதியிருந்தால், அதன் நகல் அவர் வீட்டில் எங்கோ ஒரு பெட்டியில் இருந்திருக்கும். அவரும் போய்ச் சேர்ந்திருப்பார். பெட்டியைத் திறந்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று பெட்டியையும் எடுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போனால் ஒரே தடவையில் கொண்டுவந்துவிடலாம். கட்டிலுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்.