பூனை எங்கேயும் பிழைக்குமா?

அன்புள்ள அக்கா,

போன கிழமை எங்கள் ஒழுங்கை முடக்கில் யாரோ ஒரு பூனைக்குட்டியை உரப்பையில் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தூக்கி வந்து வைத்திருக்கிறேன். கண் திறந்துவிட்டது, நடை இன்னும் தள்ளாட்டம். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகிறது. மாமிக்கு விருப்பமில்லை. பெட்டைக்குட்டி, நாளைக்கு வீடு நிறையக் குட்டி போடும், மயிர் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வருத்தம் வரும் என்கிறார். கொஞ்சம் வளர்ந்ததும் கோயிலடியில் விட்டால் சனம் சோறு வைக்கும், பூனை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்று இவரும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? பெயரும் வைக்கவில்லை, நீங்கள் ஒன்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கைக்கு,

பசும்பாலை இன்றைக்கே நிறுத்துங்கள். பூனைக்குட்டிக்கு அது செமிக்காது, வயிற்றால் போய் நீர் வற்றியே செத்துவிடும். மிருக வைத்தியரிடம் காட்டி, பூனைக்குட்டிக்கென்று வருகிற பால்மாவைக் கேட்டு வாங்குங்கள். இளஞ்சூட்டில் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் போய்விடும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தும் பயனில்லை. பல் வந்தபிறகு சூடை மீனை உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்துக் கொடுக்கலாம். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பனடோல்தான், ஆனால் பூனைக்கு அது நஞ்சு.

மாமி சொல்கிற கணக்கில் பிழையில்லை. நாலைந்து மாதத்திலேயே பெட்டை சினைப்படும், பிறகு இரண்டு மாதம் சொச்சத்தில் குட்டி. அதற்காகத்தானே கருத்தடைச் சத்திரசிகிச்சை இருக்கிறது. எந்த வயதில் செய்யலாம் என்று வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். 3 மாதத்தில் விசர்நோய்த் தடுப்பூசியும் போடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேங்காய்எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். மயிர்க் கதையை விடுங்கள். பிள்ளை கை கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போதும்.

ஆனால் கோயிலடிக் கதையை என்னால் அப்படி விட முடியாது. உரப்பையில் கட்டிப் போட்டவனுக்கும் கோயிலடியில் விடலாம் என்று யோசிக்கிற உங்களுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள் பார்ப்போம். அவன் பையைக் கட்டினான், நீங்கள் கட்டமாட்டீர்கள், அவ்வளவுதான். வேட்டை பழகித் தருகிற தாய் இல்லாமல், மனிசர் கையிலிருந்து தின்று வளர்ந்த குட்டி அது. கோயிலடியில் ஏற்கெனவே கடுவன்கள் இடம் பிடித்திருக்கும், நாய்கள் நிற்கும். விட்ட இடத்திலேயே சுருண்டு கிடக்கும், சோறு வைத்தாலும் பயத்தில் கிட்டப் போகாது. கடவுளின் வாசலில் விட்டால் பாவம் கழிந்துவிடும் என்று எங்கள் சனத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு கதையும் இருக்கிறது, நாய் ஆளைப் பார்க்கும், பூனை வீட்டைப் பார்க்கும் என்று. கனடாவுக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் தந்துவிட்டு, பூனை இங்கேயே கிடக்கும், அது வீட்டோடுதானே என்று சொல்லும்போது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி பின்னேரம், யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோதும் சனம் இதையேதான் சொன்னது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகருகிறது, சைக்கிளில் அரிசி, கிழவர்கள், குழந்தைகள். நாய்களையும் பூனைகளையும் யார் நினைப்பது? அதற்காக நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை, அந்த இரவில் பெற்ற பிள்ளையையே தவறவிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி தன் பூனையைக் கடகத்துக்குள் வைத்து, மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்து, பழஞ்சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு நடந்தார். மனிசருக்கே நிற்க இடமில்லை, உனக்குப் பூனையா என்று வழியெல்லாம் பேச்சு. ஆச்சி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் கட்டை அவிழ்த்ததும் அது ஓடிப்போகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடவில்லை. வீடு இல்லை, வளவு இல்லை, ஆச்சியின் காலடி இருந்தது, அங்கேயே கிடந்தது. நிவாரண அரிசிச் சாக்கை எலி வெட்டத் தொடங்கியபிறகு, இன்றிரவு பூனையை எங்கள் வகுப்பறையில் விடுங்கோ ஆச்சி என்று வந்து கேட்டவர்களும் வழியில் ஏசியவர்கள்தான்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். எங்கள் ஒழுங்கையில் வீடுகள் நின்றன. கூரை போனாலும் சுவர் இருந்தது, அடுப்படி இருந்தது. விட்டுவிட்டுப் போன பூனை ஒன்றுகூட இல்லை. வீட்டைப் பார்க்கிற பிராணி என்றால் வீடு நிற்கும்போது அது எங்கே போனது? அன்றைக்குப் போனவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு என்ன குறை? இப்போது யார் உங்களை வெளிக்கிடச் சொல்கிறார்கள்?

உரப்பையைப் பார்த்துவிட்டுக் கடந்து போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நீங்கள் குனிந்து அவிழ்த்தீர்கள். அந்தக் கைதான் இதை எழுத வைத்தது. அதே கையால் கொண்டுபோய் விடாதீர்கள் என்று உரிமையோடு ஏசுகிறேன். உங்களவரிடமும் இதை வாசிக்கக் கொடுங்கள். வளர்க்கவே முடியாது என்றால், நன்றாகச் சாப்பிடப் பழகி, ஊசியும் போட்டபிறகு, பெயர் முகவரி தெரிந்த ஒரு வீட்டுக்குக் கையில் கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள்.

பெயரை உங்கள் பிள்ளை வைக்கட்டும். வைத்தியரிடம் கொண்டுபோகும்போது மூடியுள்ள கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள், ஓட்டோவுக்குள் மடியில் வைத்திருந்தால் ஹோர்ன் சத்தத்துக்கு றோட்டில் பாய்ந்துவிடும்.

அன்புடன்,
அக்கா