ஏனையவை

அன்புள்ள சேர்,

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். போன வருடம் எங்கள் வட்டார ஆசிரியர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். அன்றிலிருந்து எனக்கென்று ஒரு மணித்தியாலம் கிடையாது. காலை ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு முடிந்ததும் வலயக் கல்விப் பணிமனைக்கு ஓட்டம். பின்னேரம் யாருடையதாவது இடமாற்றப் பிரச்சினை, இரவு பத்து மணி வரை போன். சனி, ஞாயிறு என்றால் பரிசளிப்பு விழா, பிரியாவிடை, புத்தக வெளியீடு, மரண வீடு. போகிற இடமெல்லாம் இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்பவர்களைச் சமாளிப்பது தனி வேலை. மாதக் கூட்டத்துக்கு 60 பேர் வருகிறார்கள், முடியும்போது 20 பேர்கூட இருப்பதில்லை. சங்க உணர்வு அந்தளவுக்குக் குறைந்துவிட்டது. என் மகள், “அப்பா, எப்ப நம்ம வீட்டுக்கு வருவீங்க” என்று போனில் கேட்கிறாள். நீங்கள் சங்க வேலையும் பார்த்து, வாசித்து, எழுதியும் இருக்கிறீர்கள். நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை உங்கள் மேல் இரக்கம் வந்தது. மூன்றாவது தடவை கோபம் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகள். ஞாயிற்றுக்கிழமை விழாக்களில் பாதியை விட்டுவிடுங்கள். உங்களுடைய இரண்டு வார்த்தை இல்லாவிட்டாலும் பரிசளிப்பு விழா நடக்கும், பிள்ளைகள் பரிசை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். மரண வீட்டுக்கு மட்டும் தவறாமல் போங்கள். வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பவர் உங்களுக்குச் சந்தா கட்டுபவர். அவரைச் சமாளிக்க வேண்டியதில்லை, அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்தது.

நேரத்தை எப்படிப் பிரித்தேன் என்ற கேள்விக்கு வருவோம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. 60 பேர் வந்தார்கள், முடியும்போது 20 பேர் இல்லை, சங்க உணர்வு குறைந்துவிட்டது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்ததில்லை. பதினொரு வருடம் செயலாளராக இருந்தேன். 1994ஆம் வருடம் ஹட்டன் டவுனில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அழைப்பில் இரண்டரை மணி என்று போட்டிருந்தோம். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தது மூன்று இருபதுக்கு. இறைவணக்கம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, கூட்டறிக்கை, கணக்கறிக்கை, கடைசியாக, மிச்சமான பிரச்சினைகளைப் பேசுவதற்கென்று ‘ஏனையவை’. பொகவந்தலாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் படிப்பித்த டீச்சர் ஒருவர் ஒரு வாரத்துக்கு முன்பே எனக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். பிரசவ விடுமுறைக் காலத்துச் சம்பளம் மூன்று மாதமாக வந்து சேரவில்லை, சங்கம் கேட்டுத் தர வேண்டும் என்று. நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். அந்தக் கடிதத்தை ‘ஏனையவை’யில் என் கையால்தான் போட்டேன்.

அவர் மூன்றாவது வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீலக் குடை. ஒரு ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கூட்டம் முழுக்க அதைக் கீழே வைக்கவே இல்லை. அதில் ஏதோ முக்கியமான கடிதங்கள் இருக்கின்றன போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான்கு மாதக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் காலையில் புறப்பட்ட தாய் பின்னேரம் நான்கரை மணிக்கு ஃபைலை எதற்காக நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பாள் என்பது, பல வருடம் கழித்து என் மனைவியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

தலைவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அந்த டீச்சர் எழுந்தார். ஹட்டனிலிருந்து அவருக்குக் கடைசி பஸ் ஐந்தே கால். அதுவும் பொகவந்தலாவை டவுன் வரைதான். அங்கிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடக்க வேண்டும், தேயிலைக்கு நடுவில். அவர் எழுந்ததும் இன்னும் எட்டுப் பேர் எழுந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, “டீச்சர்மாருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது” என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிரவு கூட்டறிக்கை எழுதினேன். வருகை 71. ‘ஏனையவை’ நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. 6.20 மணிக்கு நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது. ஒன்பது பேர் இடையில் எழுந்து போனார்கள் என்று எழுதவில்லை. அப்படி எழுதும் வழக்கம் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த டீச்சர் வரவில்லை. பிறகு எந்தக் கூட்டத்துக்குமே வரவில்லை. அவருடைய சம்பளம் எப்போது வந்தது, வந்ததா இல்லையா என்பதுகூட எங்கள் கொப்பிகளில் கிடையாது. அந்த வருட அறிக்கையில் ‘அங்கத்தவர் மத்தியில் சங்க உணர்வு குன்றி வருவது கவலைக்குரியது’ என்று நான் ஒரு வரி சேர்த்தேன்.

தம்பி, அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. உங்களைப் போலத்தான் ஓடினார். யாருக்காவது நியமனக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை என்றால் சொந்தக் காசில் கண்டிக்குப் பஸ் ஏறுவார், வாங்கில் முழு நாளும் காத்திருப்பார், இருட்டிய பிறகு வெறும் பிளேன்டீயோடு திரும்பி வருவார். அந்த ஓட்டத்தால் வேலை கிடைத்தவர்கள், இடமாற்றம் கிடைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அவ்வளவு ஓடியவருக்கு மூன்றாவது வரிசையில் இருந்த ஃபைல் தெரியவில்லை. ஓடுகிறவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் பணிமனை இருக்கிறது, போன் இருக்கிறது, விழா இருக்கிறது. எழுந்து போன அந்த நாற்பது பேரில் ஒருவருடைய முகமாவது இருக்கிறதா? எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

மலையகத்தில் சங்கம் என்றால் என்ன என்று உங்கள் வயதுக்காரர்கள் மறந்துகொண்டு வருகிறீர்கள். 1931இல் பத்திரிகையாளர் நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். தொழிலாளர் கூடிய இடங்களில் அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாடினார். கூட்டத்துக்கு வந்தவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் சொல்ல வேண்டியதைப் பாட்டாக்கினார்கள். வருகிறவர்களைப் பார்த்துக் கூட்டத்தை அமைத்தார்கள், கவனியுங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த வருடமே மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த இடங்களில் ஒருவர்கூட இல்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வெல்லும் வரை மலையகத்து மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் என்று பாராளுமன்றத்தில் எவரும் இல்லை.

அந்த வருடங்களில் என் அப்பா கையைத் தூக்கி வாக்களித்த ஒரே இடம் சங்கத்தின் தோட்டக் கமிட்டி. நாட்டில் அவருக்கு ஓட்டு இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இருந்தது. கோயிலடியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கை தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா இல்லை. அம்மா அந்த நேரத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போய், பகல் முழுக்கக் கொழுந்து பறித்து, பின்னேரம் நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகோடு வீட்டுக்கு வந்தவர். இரண்டு பேருடைய சம்பளத்திலும் சந்தாப் பணம் வெட்டப்பட்டது. ஒருவர்தான் கை தூக்கினார். இதை நான் அப்போது கேட்கவில்லை, 1994இலும் கேட்கவில்லை.

இப்போது நம்முடைய தொழிலைப் பாருங்கள். இந்த நாட்டு ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். உங்கள் சங்கத்திலும் அப்படித்தான் இருக்கும். 2015ஐ ஒட்டி பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்களே, மாதம் 6,000 ரூபாய்க்கு, அவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஏ.எல். முடித்த லயத்துப் பிள்ளைகள். அந்த ஆறாயிரத்தில் பஸ் காசு, நல்லதாக ஒரு சேலை, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பென்சில். அது பத்தாயிரமாவதற்கே எத்தனை மகஜர், எத்தனை பயணம். அவர்கள் இன்று முழு ஆசிரியர்களாக உங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சேவைக் காலத்தை எப்போதிலிருந்து கணக்கெடுப்பது, நிலுவை வருமா வராதா, இதெல்லாம் அவர்களுக்குக் கேட்பதற்கு இருக்கும். அந்தக் கேள்விகளை நிகழ்ச்சி நிரலில் எந்த இடத்தில் போட்டிருக்கிறீர்கள்?

ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அன்று ஹட்டனில் எழுந்து போனவர்கள் ஒன்பது பேர். தனிச் சங்கமாகப் பதிவு செய்வதற்குப் போதுமான ஆட்கள் எங்கள் கண்ணுக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு போனார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதனால் நான் சொல்வது இதுதான், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உங்கள் கூட்ட நேரத்தை விருந்தினரைக் கேட்டு வைக்காதீர்கள், மண்டபக்காரரைக் கேட்டு வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸைக் கேட்டு வையுங்கள். தூரத் தோட்டத்துப் பாடசாலைகளிலிருந்து யார் யார் வருகிறார்கள், அவர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுங்கள். அதில் ஆக முந்திப் போகிற பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் முன்பாகக் கூட்டம் முடிய வேண்டும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை உங்கள் பக்கம் சிவனொளிபாதமலை யாத்திரிகர் கூட்டம். சனிக்கிழமை பின்னேரம் நல்லதண்ணிப் பாதையில் பஸ் எப்படி ஊரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆறு மாதமும் சனிக்கிழமைக் கூட்டமே வேண்டாம்.

அப்புறம் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகத் திருப்புங்கள். கூட்டறிக்கை வாசித்ததும் ‘ஏனையவை’. பிரச்சினை உள்ளவர் முதலில் பேசட்டும். செயலாளர் அதை எழுதட்டும், எந்த அலுவலகத்துக்கு, யார், எந்தத் தேதிக்குள் போவது என்று பக்கத்திலேயே குறிக்கட்டும். இரண்டு பேர் போகக்கூடிய வேலைக்கு நீங்கள் போக வேண்டாம். உப தலைவர், உப செயலாளர், நிர்வாக சபை என்று பதினைந்து பேரைத் தெரிவு செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலைவர் ஒருவரே ஓடினால் மற்றவர்களுக்கு என்ன வேலை? தலைமையுரையைக் கடைசியில் வையுங்கள். நேரம் இருந்தால் பேசுங்கள், இல்லாவிட்டால் அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படட்டும்.

செலவுக் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பஸ் தவறினால் த்ரீவீல் பிடித்து அனுப்பும் காசைச் சங்கம் கொடுக்க வேண்டும். பொன்னாடைக்குக் கொடுக்கிற காசை இதற்கு மாற்றினால் போதும்.

நான் பொறுப்பை ஒப்படைக்கும்போது என்னிடம் நான்கு சீ.ஆர். கொப்பிகள் இருந்தன. ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து புரட்டினேன். பதினொரு வருடத்தில் ‘ஏனையவை’யை முழுமையாகப் பேசி முடித்த கூட்டங்கள் ஆறு. மற்ற எல்லாவற்றிலும் ‘நேரமின்மையால்’ என்று என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று விடியும் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாசிக்க நேரம் கேட்டீர்கள். உங்கள் சங்கத்தின் பழைய கொப்பிகள் யாராவது ஒருவர் வீட்டில், அலுமாரிக்கு மேல் இருக்கும். மற்றப் புத்தகங்களுக்கு முன் அதை எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ‘ஏனையவை’க்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.