32 இன்ச் டிவியா, 24 இன்ச் மானிட்டரா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: "வீட்டு டிவி போய்விட்டது. மகள் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள், தினமும் ஆறேழு மணி நேரம் எக்செல்தான். சாயங்காலம் அம்மாவுக்கு சீரியல். கடைக்காரர் 32 இன்ச் டிவியைக் காட்டி, லேப்டாப்பையும் இதிலேயே மாட்டிக்கலாம் என்கிறார். 24 இன்ச் மானிட்டரும் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது?"

மானிட்டரை வாங்குங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, மாட்டினால் படம் வரும். ஆனால் விலை குறைந்த 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை எச்டி ரெடி, அதாவது 1366 × 768, படத்தை உண்டாக்கும் புள்ளிகள் மொத்தம் பத்தரை லட்சம். ஃபுல் எச்டி மானிட்டரில் 1920 × 1080, ஏறக்குறைய 21 லட்சம். பரப்பில் டிவி பெரியது, புள்ளியிலோ பாதி. ஒரு அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் டிவியில் 49, மானிட்டரில் 92. எட்டடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்க்கிற அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஆனால் இரண்டடியில் மேசை போட்டு உட்காருகிற மகளுக்கு சின்ன எழுத்தில் 3 எது 8 எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் '1080 சப்போர்ட்' என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அந்த சிக்னலை வாங்கி, சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். ரெசல்யூஷன் என்ற இடத்தில் என்ன எண் என்று பாருங்கள்.

இன்னொரு தொல்லை, பல டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும். 2020 ஊரடங்கில் நானும் வீட்டு டிவியில் ஆபீஸ் வேலை பார்த்தவன்தான், கீழே டாஸ்க்பாரில் பாதியைக் காணோம், ரிமோட்டைக் குடைந்து 'ஸ்கிரீன் ஃபிட்' தேடிப் பிடிப்பதற்குள் மீட்டிங்கே முடிந்துவிட்டது. டிவிதான் வேண்டும் என்றால் லேப்டாப்பையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கடைக்கே கொண்டுபோய், எக்செல் ஷீட்டில் சிவப்பு எழுத்தில் நாலு வரி அடித்துப் பாருங்கள். நிற விவரத்தைக் குறைத்துச் சிக்கனம் பண்ணும் டிவிகளில் சிவப்பு எழுத்து ஓரம் பிசிறடிக்கும். சில டிவிகளில், லேப்டாப் மாட்டிய எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை மெனுவில் 'பிசி' என்று மாற்றினால் இது சரியாகும்.

சரி, அம்மாவுக்கு? செட்டாப் பாக்ஸை மானிட்டரிலேயே மாட்டலாம். நிறைய மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது, ஹெட்போன் துளை உள்ளதா என்று பார்த்து அதில் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் செருகிக்கொள்ளுங்கள். 24 இன்ச் எட்டடிக்குச் சிறிசுதான், அம்மா நாற்காலியை நாலைந்து அடிக்கு முன்னால் இழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்புறம், உங்கள் ஊர் உப்புக்காற்று தெரிந்ததுதானே, கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம்.

கடைக்குக் கிளம்பும் முன் செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டும் இருக்கிற பழைய பாக்ஸ் என்றால் மானிட்டரில் நேராக மாட்ட முடியாது, எச்டிஎம்ஐ உள்ள பாக்ஸாக மாற்றித் தரச் சொல்லி கேபிள்காரரிடம் முதலில் கேளுங்கள்.